வாஞ்சூர் எல்லையில் ஒரு காலைக் கோழி

கவிதா தருமபுரத்துப் பெண். காரைக்காலிலிருந்து ஒருநாள் சுற்றுலா நடத்துகிறாள். காலையில் கிளம்பி, கடலையும் காட்டையும் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற பயணங்கள். நான் என் காலமெல்லாம் பார்த்த அதே வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் கைப்பேசியை நீட்டி, "பெரியப்பா, இப்ப எல்லாம் இதுலயே முடிஞ்சிடுது. ஏறுறவங்க 'விதிமுறைகளுக்குச் சம்மதம்'னு ஒரு தட்டு தட்டுனா போதும்" என்றாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு படிக்கிறா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னைச் சும்மா விடவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு என் அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டுவிட்டுப் போனாள். ஒரு பக்கத்தோடு நிறுத்துகிற வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள். இருந்தாலும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் எழுதப் போகிறேன். அந்த நாளை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். காரைக்காலை நான் தீவு என்றுதான் சொல்வேன். ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. எழுபதுகளின் பின்பாதியில் அங்கே மதுவிலக்கு, இங்கே இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குடிக்கிற பொருள், பத்தடி தள்ளிப் போனால் போலீஸ் வழக்கு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கிளாஸ் ஒயின் இல்லாவிட்டால் அவர்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் பார்க்கவேண்டிய இடமெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். வடக்கே போனால் தரங்கம்பாடிக் கோட்டையும் பூம்புகார்க் கடலும். தெற்கே போனால் நாகூர், வேதாரண்யம், அதற்கப்பால் கோடிக்கரைக் காடு. ஒயின் இங்கே, பறவை அங்கே. இரண்டையும் ஒரே நாளுக்குள் கோப்பதுதான் எங்கள் தொழில்.

அந்தத் தொழிலைக் காரைக்காலில் தொடங்கியவர் ஏகாம்பரம். ஊரே அவரை 'முசே' என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனிலும் அல்ஜீரியாவிலும் சமையல்காரராக இருந்துவிட்டு வந்தவர். மீசை கிடையாது, சத்தம் கிடையாது. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அவர் கிசுகிசுத்தால் நாங்கள் நடுங்குவோம். பன்னிரண்டு பேர் உட்காருகிற ஒரு பழைய வேன் வைத்திருந்தார். நான் நெடுங்காட்டுக்காரன். பி.யு.சி. முடித்துவிட்டு, காவேரித் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து தப்பித்து அவரிடம் வந்து சேர்ந்தேன். இரண்டு வருடம் கூடை தூக்கினேன், பாத்திரம் கழுவினேன், காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் நின்று வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக் கற்றது.

வேன் நிற்கிற கொட்டகையின் சுவரில் முசே தன் கையால் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது. பதினான்கு வரிகள். கிளம்புமுன் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'ஐஸ் பெட்டிக்குள் கை வைத்துப் பார்' என்று ஒரு வரி. 'குடிதண்ணீரை நீ முதலில் குடி' என்று ஒரு வரி. ஒன்பதாவது வரியிலிருந்து பதின்மூன்றாவது வரி வரைக்கும் பாட்டில்கள்தான்.

அந்த முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். தெற்கே போகிற பயணம் என்றால் வாஞ்சூர் எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், எங்கள் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் வேனை நிறுத்துவோம். அங்கே முசேவுக்கு ஒரு கீற்றுக் குடிசை, உள்ளே வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி. பயணிகள் கொண்டுவந்த பாட்டில்களை எல்லாம் வாங்கி, கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டி, பெட்டியில் படுக்கவைத்துப் பூட்ட வேண்டும். கேட்கிற விதம் முக்கியம். "குடுங்க" என்று கேட்கக் கூடாது. "சாயங்காலம் நீங்க திரும்புற வரைக்கும் ஜில்லுன்னு வச்சிருக்கோங்க" என்று சொல்ல வேண்டும். பிறகு பிளாஸ்குகளைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஒருமுறை இருமல் மருந்துப் பாட்டிலில் பிராந்தி ஊற்றிக்கொண்டு வந்த பெரியவர், "எனக்கு ராத்திரியில இருமல் வரும் தம்பி" என்றார். "நாம சாயங்காலமே வந்துடுவோங்க" என்று சொல்லி வாங்கி வைத்தேன். அவர் திரும்பி வருகிற வரைக்கும் ஒருமுறைகூட இருமவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சோதனைச் சாவடி. அங்கே ஒரு பதிவேடு. வண்டி எண், ஆட்கள் எத்தனை, போகிற இடம், கடைசிக் கட்டத்தில் 'மது' என்று தலைப்புப் போட்டிருக்கும். அதற்கு நேராக 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற வண்டிகளில் சீட்டைத் தூக்கி, மூட்டையைப் பிரித்து அரைமணி நேரம் சோதனை போடுவார்கள். எங்கள் வேனுக்கு இரண்டே நிமிடம். முசே எழுதினால் அது உண்மையாக இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அட்டையின் பதினான்காவது வரி அதுதான்: 'பதிவேட்டில் பொய் எழுதாதே'. கீழே இரண்டு கோடு.

அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகப் பயணத்தை என் பொறுப்பில் விட்டார். கோடிக்கரைக்குப் போக வேண்டும், பூநாரை பார்க்க வேண்டும். பதினோரு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் வைத்திலிங்கம் ஐயா.

அவர் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஆட்கள் அவரை இன்னும் 'கிரெஃபியே' என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரிலேயே அழைப்பார்கள். ஒல்லியான ஆள், எந்நேரமும் வெள்ளைச் சட்டை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிரெஞ்சு நீதிபதி தன் ஊருக்கு அனுப்புவதற்காக எழுதிய நீளமான குறிப்பை இவரிடம் கொடுத்து நல்ல கையெழுத்தில் பிரதி எடுக்கச் சொன்னாராம். கோடிக்கரைச் சதுப்பில் இளஞ்சிவப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் நிற்பதைப் பற்றிய குறிப்பு அது. "மூணு பிரதி எடுத்தேன் தம்பி. 'உண்மைப் பிரதி'ன்னு கீழ கையெழுத்தும் போட்டேன். பறவையை மட்டும் பார்த்ததே இல்ல" என்பார்.

பார்க்க முயற்சி பண்ணாமல் இல்லை. எங்கள் வேனிலேயே மூன்று முறை பதிவு செய்தார். முதல் முறை மழையில் வேதாரண்யம் ரோடு முழுகிவிட்டது. இரண்டாம் முறை நாங்கள் போய்ச் சேருவதற்குள் காற்று ஏறி, பறவைகள் சதுப்பின் உள்பக்கம் போய்விட்டன. மூன்றாம் முறை அவருக்கே காய்ச்சல். இது நான்காவது. அதற்கு மேல் முறை கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலம் அவரும் அவர் மனைவி தனபாக்கியமும் ரயிலேறி, சென்னைப் பட்டணம் போய், அங்கிருந்து பிரான்ஸில் இருக்கிற மகனிடம் ஒரேயடியாகப் போகிறார்கள். வீட்டைக்கூடக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை முசே என்னைக் கூப்பிட்டு, "பத்து மணிக்குள்ள சதுப்புல நிக்கணும். அவரு பாக்கணும்" என்று கிசுகிசுத்தார்.

அவருக்குப் பிரிவு விருந்தாகத் தன் புகழ்பெற்ற கோழியை முசேவே சமைத்தார். ஊரில் அதற்கு 'முசே கோழி' என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடுவார். நாட்டுக்கோழியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டு, ஒரு முழுப் பாட்டில் சிவப்பு ஒயினை ஊற்றி, அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கரண்டியால் கிளறக் கூடாது. பாத்திரத்தைத் தூக்கிக் குலுக்கத்தான் வேண்டும். குழம்பு நாவற்பழ நிறத்துக்கு வந்து, விரலில் தொட்டால் ஒட்டும்போது இறக்குவார். கோடிக்கரைக்குப் போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தக் கோழிதான் மத்தியானச் சாப்பாடு. காட்டு ஓரத்தில் மரத்தடியில் பாத்திரத்தைத் திறந்தால், மான் பார்க்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிடுவார்கள்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் ஜமால் பாய், என்னைவிடப் பத்து வயது பெரியவர். வழக்கம்போலத் தன் டிபன் பாக்ஸைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். சவுக்குத் தோப்பில் ஒன்பது பாட்டில்களை வாங்கிப் பூட்டினேன். பிளாஸ்குகளை முகர்ந்தேன். பதினான்கு வரியையும் மனதுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஆறே காலுக்குச் சாவடியில் குறுக்குக்கட்டைக்கு முன்னால் வேன் நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன். முதல் முறையாக முசே இடத்தில் நான்!

சாவடியில் இருந்த ஏட்டையா, கம்பளி மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். வண்டி எண் எழுதினேன். ஆட்கள் எண்ணிக்கை எழுதினேன். 'கோடிக்கரை' என்று எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனாவை ஊன்றியவன் ஏதோ நினைப்பில் வேனைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி வழியாக ஜமால் பாயின் டிபன் பாக்ஸ் தெரிந்தது.

இந்த மனிதர் ஏன் எப்போதும் தனியாகச் சாப்பாடு கொண்டுவருகிறார்? இரண்டு வருடம் முன்பு நானே கேட்டிருக்கிறேன். "அதுல ஒயின் ஊத்தியிருக்குல்ல தம்பி? எனக்கு ஹராம்" என்று சொல்லியிருக்கிறார். கேட்டேன், தலையாட்டினேன், மறந்துவிட்டேன். எங்கள் ஊர்ச் சமையலறையில் ஒயினும் புளி மாதிரி ஒரு சாமான்தான். பாட்டிலில் இருந்தால் மது, சட்டிக்குள் போய்விட்டால் குழம்பு. அப்படியே பழகிவிட்டோம். பாட்டிலைப் பற்றி ஐந்து வரி எழுதிய முசேவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேனில் ஒரே ஒருவருக்குத்தான் அது மதுவாகத் தெரிந்திருக்கிறது. அவர் அதைத் தொட்டதே இல்லை.

"என்ன தம்பி, 'இல்லை'ன்னு எழுத மறந்துபோச்சா?" என்றார் ஏட்டையா.

"ஒரு நிமிஷங்க" என்று வேனுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் வேனுக்குள் ஒரே கூச்சல். 'போய் எழுதிட்டு வாய்யா' என்றது பின்சீட்டு. தனபாக்கியம் அம்மா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, யாராவது கேட்டா காடி ஊத்துனதுன்னு சொல்லிடுங்க. புளிப்புத்தானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். வைத்திலிங்கம் ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே 'இல்லை' என்று எழுதிவிடலாம் போலிருந்தது. மூன்றே எழுத்து, அவ்வளவுதான். யாரும் பாத்திரத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை. இரண்டு நிமிடத்தில் கட்டை தூக்கப்படும், பத்து மணிக்குள் அவர் பூநாரை பார்ப்பார்.

ஆனால் முசே அந்த இரண்டு நிமிடத்தை எப்படிச் சம்பாதித்தார் என்பது எனக்குத் தெரியும். சாவடிக்குத் திரும்பி நடந்தேன்.

"பாட்டில் எதுவும் இல்லைங்க. ஆனா கோழியில இருக்குங்க" என்றேன்.

ஏட்டையா மப்ளரைக் காதிலிருந்து இறக்கினார். "எதுல?"

"கோழிங்க. ஒயின்ல வெந்தது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து வந்து வேனின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். மூடியைத் தூக்கினேன். அந்தக் குளிர்காலைக் காற்றில் மிளகும் பூண்டும் ஒயினும் கலந்த வாசனை குப்பென்று கிளம்பியது. அவர் ஒரு கணம் கண்ணை மூடினார், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு உத்தியோக முகத்தை மாட்டிக்கொண்டார்.

"ஏன் தம்பி இதைப் போயி எங்கிட்ட சொன்னீங்க? சொல்லாம இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். இப்ப நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுட்டேன். பாட்டில்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். கோழிக்கு என்ன செய்யிறது? ஒம்போது மணிக்கு அதிகாரி வருவாரு. அவருதான் சொல்லணும். அதுவரைக்கும் ஓரமா நிறுத்துங்க."

ஒன்பது மணி! அதற்குப் பிறகு கிளம்பினால் பன்னிரண்டுக்குச் சதுப்பு. வெறும் தண்ணீரைத்தான் பார்க்கலாம். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உண்மை பேசுகிற அழகுக்கு இன்றைக்குத்தானா நாள் பார்த்தேன் என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது வேன் கதவு திறந்தது. வைத்திலிங்கம் ஐயா இறங்கினார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நேராக ஏட்டையாவிடம் போனார். வேனில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த கிழவர் இல்லை அவர். முப்பத்தைந்து வருடம் கோர்ட்டில் நின்ற ஆள்.

"வணக்கம் ஏட்டையா. ஒரே ஒரு சந்தேகம், கேக்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"தமிழ்நாட்டுக்குள்ள மது கொண்டு வரக்கூடாது. சரிங்களா?"

"ஆமா."

"இந்தக் கட்டை இருக்கே, இதுக்கு அந்தப் பக்கம்தானே தமிழ்நாடு?"

"ஆமா."

"கட்டையை இன்னும் நீங்க தூக்கலியே."

ஏட்டையா கட்டையைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். வேனின் மூக்கு கட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளித்தான் நின்றது.

"கோழி இன்னும் காரைக்கால்லதான் இருக்கு" என்றார் வைத்திலிங்கம் ஐயா. "தம்பி கொண்டு வரல. கொண்டு வரலாமான்னு கேட்டிருக்காரு. கூடாதுன்னா நாங்க கொண்டு போகல."

ஏட்டையாவின் உதடு ஒரு பக்கமாக மெல்ல இழுபட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அப்ப உங்க கோழியை உங்க ஊர்லயே வச்சிட்டு வாங்க. காலிப் பாத்திரத்தோட வந்தா நான் எதுக்கு நிறுத்தப் போறேன்?"

ஜமால் பாய் வேனைப் பின்னால் எடுத்த வேகத்தில் நான் ஓடித்தான் ஏறினேன். சவுக்குத் தோப்பில் இறங்கியதும் அடுத்த கேள்வி. கோழியை என்ன செய்வது? குடிசையில் வைத்துப் பூட்டினால் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போகும். கீழே கொட்ட எனக்குக் கை வராது. முசே காதுக்குப் போனால் என்னையும் கூடவே கொட்டிவிடுவார். நான் விழித்துக்கொண்டு நிற்க, தனபாக்கியம் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தட்டை எடுங்க தம்பி. சாப்பிட்டுட்டுப் போவோம்."

"காலையில ஆறரை மணிக்குங்களா?"

"வயித்துக்கு மணி தெரியுமா?"

சவுக்கு மரங்களுக்கு நடுவே கடல் மேல் சூரியன் எழும்பிக்கொண்டிருந்தது. பல் தேய்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பதினோரு பேர், மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, நீள ரொட்டியைப் பிய்த்து, ஒயினில் வெந்த கோழியைத் தின்றார்கள். அப்படி ஒரு காலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நேரமில்லை என்கிற பரபரப்பே தனி ருசியாகிவிட்டது போலும். 'இந்தாங்க', 'அந்தக் காலை இப்படித் தள்ளுங்க', 'ரொட்டி இருக்கா', 'குழம்பு இன்னும் கொஞ்சம்' என்று கல்யாணப் பந்தி தோற்றது. சாவடியில் 'போய் எழுதிட்டு வாய்யா' என்று கத்திய பின்சீட்டுக்காரர்தான் பாத்திரத்தைச் சாய்த்து ரொட்டியால் வழித்தார். ஜமால் பாய் தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைச் சாப்பிட்டபடி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று எல்லோரையும் விரட்டினார். வைத்திலிங்கம் ஐயா நின்றுகொண்டே சாப்பிட்டார். இருபதாவது நிமிடம் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு சாவடிக்குத் திரும்பினோம். 'மது' என்கிற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழுத்தமாக எதையும் எழுதியதில்லை. கட்டை மேலே போனது.

அதற்கப்புறம் ஜமால் பாய் வண்டி ஓட்டினதை நான் எழுதினால் அவர் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நாகூர் போனது தெரியவில்லை, நாகப்பட்டினம் போனது தெரியவில்லை. வேளாங்கண்ணியில் டீ குடிக்கலாமா என்று கேட்டவரை மற்ற பத்துப் பேரும் சேர்ந்து அடக்கினார்கள். வேதாரண்யத்தைத் தாண்டி உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக ஓடின. ஒன்பதே முக்காலுக்குச் சதுப்பின் கரையில் வேன் நின்றது. இறங்கியதும் நான் முதலில் பார்த்தது சவுக்குக் கிளையைத்தான். இலை அசையவில்லை. காற்று இன்னும் ஏறவில்லை!

தூரத்தில் தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு நீளக்கோடு தெரிந்தது. யாரோ சேலையை உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம் வைத்திலிங்கம் ஐயா. நான் அவர் கையைப் பிடித்துச் சேற்றில் மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். பத்தடி, இருபதடி. கோட்டில் கால்கள் தெரிந்தன. கழுத்துகள் தெரிந்தன. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து அவை மேய்கிற சலசலப்புக்கூடக் காதில் விழுந்தது. திடீரென்று ஒரு ஓரத்திலிருந்து எழும்பத் தொடங்கின. முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு எண்ண முடியாத அளவு. சிறகை விரித்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது. வானத்தில் அந்த நிறம் பரவிக்கொண்டே போனது. எங்கள் தலைக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் இறங்கின.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன் என்றுதான் ஜமால் பாய் பிறகு சொன்னார். வைத்திலிங்கம் ஐயா என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. நெடுநேரம் கழித்து, "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார். எனக்குப் புரியவில்லை. "அந்த நீதிபதி. சரியாத்தான் எழுதியிருக்கான் தம்பி. நான் போட்ட கையெழுத்து சரிதான்."

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். கோழி காலையிலேயே போய்விட்டது, அந்தக் காட்டில் கடை கிடையாது. நான் கடற்கரைக் குடிசைகளுக்கு ஓடினேன். வலையிலிருந்து அப்போதுதான் பிரித்த மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு மீனவப் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பதினோரு பேரா? உக்காரச் சொல்லுங்க" என்றார். மண்சட்டியில் மடவைக் குழம்பும் சுடுசோறும் கொடுத்தார். காலையில் முசே கோழி தின்ற அதே பதினோரு பேரும், இதுதான் வாழ்க்கையிலேயே முதல் சாப்பாடு என்பதுபோல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்தபோது காட்டு விளிம்பில் வெளிமான் கூட்டம் ஒன்று பாய்ந்து போனது. யாருக்கும் எழுந்து பார்க்கத் தெம்பில்லை.

சாயங்காலம் சவுக்குத் தோப்புக்குத் திரும்பினோம். பெட்டியைத் திறந்து பாட்டில்களை அவரவரிடம் கொடுத்தேன். முசே காரைக்காலிலிருந்து சைக்கிளில் வறுத்த மீனோடு வந்து காத்திருந்தார். அவர் முதலில் வைத்திலிங்கம் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். ஐயா தன் கிளாஸை உயர்த்திக் காட்டினார். முசே தலையசைத்தார். பிறகு என்னிடம் வந்து பாத்திரத்தைத் திறந்தார்.

"நல்லாக் கழுவியிருக்கே. எங்க சாப்பிட்டாங்க?"

"இங்கதாங்க முசே. காலையில."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கிசுகிசுப்பு வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் விரல் விட்டு எதையோ எண்ணினார். ஒரு கை முடிந்தது, இன்னொரு கை முடிந்தது. திரும்ப ஒரு விரலை மடக்கினார்.

"பதினொண்ணு" என்றார்.

"என்னங்க முசே?"

"கோடிக்கரைக்குக் கோழியோட நான் போனது பதினோரு தடவை."

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைக் கால்சட்டை, பட்டாளத்து மெடல்கூடச் சட்டையில் குத்தியிருந்தது. இருவரும் சைக்கிளில் வாஞ்சூர் சாவடிக்குப் போனோம். அதே ஏட்டையாதான் இருந்தார்.

"பழைய பக்கமெல்லாம் பாக்கணும்" என்றார் முசே.

"எதுக்கு முசே?"

"பதினோரு எடத்துல பொய் எழுதியிருக்கேன்."

ஏட்டையாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டார். "அந்தக் கோழியெல்லாம் இப்ப எங்க இருக்கு? தின்னு செரிச்சாச்சு. அதுக்கு என்ன கேஸு போடுறது? போயிட்டு வாங்க முசே."

"கேஸ் உங்க விருப்பம். கையெழுத்து என்னுது" என்றார் முசே, தாழ்ந்த குரலில்.

"எழுதுன பக்கத்தைத் திருத்தக் கூடாது முசே."

"திருத்தல. பக்கத்துல எழுதுறேன்."

ஏட்டையாவின் சிரிப்பு நின்றது. முசேவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார். முசே நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பின்னோக்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். தன் கையெழுத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தி, எந்தப் பயணம் என்று பார்த்தார். கோடிக்கரை என்றால், 'இல்லை' என்பதற்குப் பக்கத்தில் 'கோழியில் இருந்தது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பதினோரு முறை. கட்டைக்கு முன்னால் இரண்டு பஸ்கள் வந்து நின்று ஹாரன் அடித்தன. முசே பேனாவை மூடுகிற வரைக்கும் ஏட்டையா கட்டையைத் தூக்கச் சொல்லவில்லை.

நாங்கள் படியிறங்கும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "முசே, இனிமே அந்தக் கோழி?"

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு, எங்க பக்கத்துத் தோப்புல. நீங்களும் வரலாம். யூனிபார்ம் வேண்டாம்."

அப்படித்தான் அந்த 'காலைக் கோழி' தொடங்கியது. எண்பதுகள் முழுக்க அதற்காகவே பட்டணத்திலிருந்து வந்து முதல் நாளே தங்கினார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்திய பிறகும், கோழியை எல்லைக்கு இந்தப் பக்கம் விடியலில்தான் தின்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று திரும்பி வந்த வழியைத்தான். இருவரும் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு நடந்தோம். தோப்புக் குடிசைக்குப் பக்கத்தில் முசே நின்று, சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து என் பையில் குத்தினார்.

"இனிமே அங்க கையெழுத்து நீ போடு தம்பி."

"அப்ப நீங்க முசே?"

"நான் கோழியைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறி எனக்கு முன்னால் போய்விட்டார்.